டிரம்முக்குப் பதில் கோன்: பிராய்லர் கடைக்கான நாலு கோன் ஸ்டாண்ட், கோழியின் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

கழுத்தை அறுத்த கோழியை நீல டிரம்முக்குள் வீசிவிட்டு, அது அடித்து ஓயும் வரை மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வது நம் பிராய்லர் கடைகளின் பழைய வழக்கம். அதற்குப் பதிலாக இப்போது சில கடைகளில் ஸ்டீல் கோன் ஸ்டாண்ட் வந்திருக்கிறது. குழாய்ச் சட்டத்தில் நாலு கூம்புகள் வரிசையாகத் தொங்கும், கீழே ரத்தம் வடிய ஒரு தட்டு. கோழியைத் தலைகீழாகக் கூம்புக்குள் இறக்கினால் தலையும் கழுத்தும் மட்டும் கீழே வெளியே வரும். சுவரில் ரத்தம் தெறிக்காது, றெக்கை உடையாது, பார்க்கிற வாடிக்கையாளரும் முகம் சுளிக்கமாட்டார். விற்பவர்கள் சொல்வதும் வாங்குபவர்கள் கேட்பதும் இவ்வளவுதான். கோழிக்கு இதனால் வலி குறையுமா என்று கடையில் யாரும் கேட்பதில்லை. இந்த மதிப்பீடு அதைத்தான் பார்க்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம், டிரம்மைவிட எவ்வளவோ மேல். ஆனால் கோன் கோழியைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கத்தி எந்த இடத்தில் விழுகிறது, அறுத்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்ற இரண்டும் சரியாக இல்லாவிட்டால், டிரம்முக்குள் நடந்த அதே கொடுமை ஸ்டீலுக்குள் நடக்கும். வெளியே தெரியாது, அதுதான் வித்தியாசம்.

கோழிக்கு வலி தெரியுமா என்ற கேள்விக்குக் கறிக்கடையில் கிடைக்கும் வழக்கமான பதில், "அது சும்மா நரம்பு துடிக்குது." பாதி உண்மை. நினைவு தப்பியபின் மூளையின் கட்டுப்பாடு அறுந்துபோய், தண்டுவடம் தன்பாட்டுக்கு உடம்பை உதறவைக்கும். அந்த உதறலில் வலி இல்லை. ஆனால் கத்தி பட்ட முதல் விநாடிகளில் கோழிக்கு நினைவு இருக்கிறது, அப்போது அடிப்பது வெறும் நரம்பு அல்ல. கோழியின் தோலில் வலி உணரும் நரம்பு முனைகள் இருப்பது சோதித்துப் பார்த்த விஷயம். எடின்பரோ அருகே ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் ஜென்டில், டில்ஸ்டன் இருவரும் கோழிக்காலின் செதில் தோலிலேயே அவற்றைப் பதிவு செய்து 2000ல் வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளில் காலை இரும்புக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவது வலிக்கும் என்று சொல்ல அதுவே ஆதாரமாயிற்று. அதே ஆண்டு பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு ஒன்று நொண்டும் பிராய்லர்களின் முன் இரண்டு தீவனம் வைத்தது. ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்து கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்துத் தீவனத்தை நன்றாக நடக்கும் கோழிகளைவிட அதிகம் தின்றன, நொண்டல் கூடக் கூட அந்த அளவும் கூடியது. வலியே உணராத ஜீவன் வலி மாத்திரையைத் தேடித் தின்னாது.

இனி பொருளுக்கு வருவோம். இதில் பார்க்க வேண்டியது அளவுதான், பளபளப்பு அல்ல. நம் கடைகளுக்கு வரும் பிராய்லர் பெரும்பாலும் 1.8 முதல் 2.5 கிலோ. அதற்குக் கூம்பின் மேல்வாய் சுமார் 20 செ.மீ., கீழ்வாய் 9 முதல் 10 செ.மீ., உயரம் 28 முதல் 30 செ.மீ. இருந்தால் பொருந்தும். தோள்கள் கீழ்வாய்க்குச் சற்று மேலே நிற்க வேண்டும், றெக்கை இரண்டும் உடம்போடு ஒட்டி அடங்க வேண்டும். அடங்கினால் கோழி பெரும்பாலும் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

சந்தையில் கிடைக்கும் ஸ்டாண்டுகளின் பெரிய குறையும் இந்த அளவில்தான். எல்லாக் கோழிக்கும் ஒரே கூம்பு என்று கீழ்வாயை 12 செ.மீ. வரை விட்டுவிடுகிறார்கள். அது வான்கோழிக்கான வாய். பிராய்லரைப் போட்டால் சறுக்கிக்கொண்டு தோள்வரை வெளியே வந்துவிடும், ஒரு றெக்கை விடுபடும், அறுத்ததும் அந்த ஒற்றை றெக்கை கூம்பின் விளிம்பில் அடித்து முறியும். நேர்மாறாக, 2.5 கிலோவுக்கு மேல் போன கோழியைச் சின்னக் கூம்பில் திணித்தால் நெஞ்செலும்பு அமுங்கும். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. தலைகீழாக இருக்கும்போது குடலும் ஈரலும் ஏற்கெனவே காற்றுப்பைகளின் மேல் சாய்ந்திருக்கும், அதோடு நெஞ்சும் அமுங்கினால் கத்தி படும் முன்பே மூச்சுத் திணறல்தான். ஆகவே நாலு கூம்பும் ஒரே அளவில் வரும் ஸ்டாண்டைவிட, கழற்றி மாட்டும் கூம்புகளாக மூன்று நடுத்தரமும் ஒன்று பெரியதும் தருகிற பட்டறையில் செய்துகொள்வது நல்லது. நாட்டுக்கோழியும் முட்டைக்கோழியும் அறுக்கிற கடை என்றால் கீழ்வாய் 7 முதல் 8 செ.மீ. உள்ள கூம்பு ஒன்று தனியாக வேண்டும்.

தகடு 304 தர ஸ்டீலாக இருக்கட்டும், 1 மி.மீ. போதும். துத்தநாகம் பூசிய தகரம் ரத்தமும் உப்புத்தண்ணீரும் பட்டுச் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாங்கும்போது உள்பக்கம் கையை விட்டு மூட்டு வெல்டிங்கைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஒவ்வொரு கோழியின் முதுகையும் அது கீறும். கீழ்விளிம்பு உருட்டி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டிய தகடு அப்படியே நின்றால் கோழியின் கழுத்துக்கும் ஆபத்து, அறுப்பவர் கைக்கும் ஆபத்து.

ஸ்டாண்டின் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை, நியாயமாக இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. குழாய் மிச்சம் பிடிப்பதற்காகக் கூம்பின் கீழ்வாய் தரையிலிருந்து 60 செ.மீ.தான் இருக்கும்படி செய்துவிடுகிறார்கள். அறுப்பவர் குனிந்து, கழுத்தைப் பார்க்காமல், தடவி அறுக்கிறார். கீழ்வாய் அவருடைய முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அது 90 முதல் 100 செ.மீ. கழுத்து கண்ணுக்கு நேரே தெரியவேண்டிய காரணம் கோழியின் உடற்கூறில் இருக்கிறது.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு கழுத்துத் தமனிகளும் கோழியின் கழுத்து நீளத்தில் பெரும்பகுதிக்கு முள்ளெலும்பை ஒட்டி, தசைக்கு அடியில் ஆழமாகப் போகின்றன. தாடைக்குக் கிட்டே வந்தபின்தான் பிரிந்து மேலே வருகின்றன. நடுக்கழுத்தில் அறுத்தால் மேலோட்டமாக இருக்கும் சிரைகளும் மூச்சுக்குழாயும்தான் அறுபடும். ரத்தம் கொட்டுவதுபோலத் தெரியும், ஆனால் மூளைக்குப் போகிற ரத்தம் நிற்காது. கோழி நினைவோடு நிமிடக் கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். தாடைக்குச் சற்றுக் கீழே, காதுமடலுக்கு அடியில், தொண்டைப் பக்கமிருந்து ஒரே இழுப்பில் அறுத்தால் இரண்டு தமனியும் இரண்டு சிரையும் சேர்ந்து அறுபடும், ரத்தம் பீச்சிக்கொண்டு வரும். சொட்டுச் சொட்டாக வந்தால் தமனி தப்பிவிட்டது என்று அர்த்தம். தாமதிக்காமல் உடனே இன்னொரு முறை, சற்று மேலே, அறுக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டு அடுத்த கோழிக்குப் போவதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு.

செய்முறை இதுதான். கூண்டிலிருந்து இரண்டு கைகளாலும் றெக்கைக்கு மேலாக அணைத்து, நிமிர்த்தியபடி எடுக்க வேண்டும். கூம்பின் வாயருகே வந்தபின்தான் தலைகீழாக்கி, தலை முதலில் போகும்படி மெதுவாக இறக்க வேண்டும். இடது கையால் கீழிருந்து தலையைப் பிடித்து, கழுத்தை இழுக்காமல் நேராக்கி, சில விநாடிக்குள் அறுத்துவிட வேண்டும். நாலு கோனையும் நிரப்பிவிட்டு வரிசையாக அறுப்பது வேகம்போலத் தோன்றும். உண்மையில் நாலாவது கோழி ரத்தம் தலைக்கேறித் தொங்கிக்கொண்டே பக்கத்தில் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒன்றைப் போடு, அறு, பிறகு அடுத்ததைப் போடு. சுற்றிவிடும் எட்டு கோன் ஸ்டாண்டை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். இடம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது, நிரப்பத் தோன்றும். ஒரு ஆள் தோலுரித்துத் துண்டு போட 3, 4 நிமிடம் எடுத்துக்கொள்ளும் கடைக்கு இரண்டு கோனே தாராளம். இரண்டு ஆள் இருந்தால் நாலு.

கத்தி 12 முதல் 15 செ.மீ. நீளம் இருந்தால் போதும். கறி வெட்டும் கத்தியாலேயே அறுப்பதுதான் வழக்கம், விடவேண்டிய வழக்கம் அது. எலும்பில் பட்ட கத்தி மழுங்கியிருக்கும், மழுங்கிய கத்தி ரம்பம்போல் போய்வரும், பிய்ந்த வாயில் ரத்தம் சீக்கிரம் உறையும். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு கிழிக்க வேண்டும், சிக்கினால் தீட்ட வேண்டும்.

அறுத்தபின் குறைந்தது 90 விநாடி, முடிந்தால் 2 நிமிடம், கோழியைத் தொடக்கூடாது. பிரிட்டனில் மயக்கமூட்டாமல் அறுக்கும் கோழிக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 90 விநாடி, வான்கோழிக்கு 2 நிமிடம். நம் கடைகளில் கோழி இன்னும் உதறிக்கொண்டிருக்கும்போதே றெக்கையைக் காலால் மிதித்துத் தோலை இழுப்பது சாதாரணம். சரியாக அறுபடாத கோழி என்றால் அது உயிரோடு உரிப்பதுதான், வேறு பெயர் கிடையாது. வெந்நீரில் முக்கி இறகு எடுக்கும் கடையில் இன்னும் மோசம், 60 டிகிரித் தண்ணீரில் மூச்சு நிற்காத கோழி விழும். நேரம் பார்க்கச் சுவரில் விநாடி முள் ஓடும் கடிகாரம் ஒன்று போதும். சந்தேகம் இருந்தால் விரல் நுனியால் கண்விழியை மெல்லத் தொடுங்கள். இமை மூடித் திறந்தால் நினைவு முழுதாகப் போகவில்லை. அடிவயிறு சீராக ஏறி இறங்கினால் மூச்சு ஓடுகிறது. இரண்டும் நின்றபின் உரியுங்கள்.

இந்தக் காத்திருப்பு கடைக்கு நஷ்டமும் இல்லை. 2 கிலோ கோழியில் ரத்தம் சுமார் 150 மி.லி., நன்றாக வடிந்தால் அதில் ஏறக்குறைய பாதி வெளியே வரும். வடியாத கோழியின் கறி சிவப்போடி, சீக்கிரம் வாடை அடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உணவுக்காகக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை. ஆனால் 11(3) பிரிவு "தேவையற்ற வலி" இல்லாதவரைதான் அந்த விலக்கு என்கிறது. 28ஆம் பிரிவு மத முறைப்படி அறுப்பதைக் காக்கிறது. 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள் ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது என்கின்றன. (கோழி விலங்கில் சேருமா என்பதே 2023ல் குஜராத் உயர்நீதிமன்றத்தில் விவாதமானது.) இந்தக் கடைசி விதியைப் புதுமை என்று நினைக்க வேண்டாம். ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்காதே, அதன் முன் கத்தி தீட்டாதே, உயிர் அடங்குமுன் உரிக்காதே என்பது ஹலால் முறையில் காலங்காலமாக இருக்கிற கட்டளை. ஹலால் கடை என்று போர்டு வைத்து, கூண்டுக்கு நேரெதிரே டிரம் வைத்திருப்பவர் இரண்டு விதியையும் ஒருசேர மீறுகிறார். கூண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு பிளைவுட் மறைப்பு வைத்தால் இது தீர்ந்துவிடும். ஸ்டாண்டோடு மறைப்பும் சேர்த்துத் தரும் பட்டறைகள் அபூர்வம், கேட்டு வாங்குங்கள்.

கோனால் முடியாதது ஒன்று உண்டு. அறுக்கும் கணத்திலேயே கோழியை நினைவிழக்க வைக்க அதனால் ஆகாது. அதற்கு மின்சார மயக்கம் வேண்டும். பெரிய ஆலைகளில் தலையை மின்சாரம் பாயும் தண்ணீரில் முக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதி (எண் 1099), 200 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த மின்சாரத்தில் கோழி ஒன்றுக்கு 100 மில்லி ஆம்பியர், குறைந்தது 4 விநாடி என்று வரையறுக்கிறது. அறுக்காமல் விட்டால் கோழி எழுந்துவிடும் அளவில் மயக்கம் இருந்தால் மலேசியாவின் ஹலால் தரநிலை அதை நிபந்தனைகளோடு ஏற்கிறது. வலியை மட்டும் வைத்துப் பார்த்தால், சரியாகச் செய்த மயக்கம் கோனை வென்றுவிடும். "சரியாக" என்பதில்தான் எல்லாம். மின்னோட்டம் குறைந்தால் உடம்பு மட்டும் விறைத்து நினைவு அப்படியே இருக்கும். அசையாமல் கிடக்கும் கோழியைப் பார்த்து வலியில்லை என்று நாம் ஏமாறுவோம். அளவுக் கருவி இல்லாமல் கடைக்குள் இதைச் செய்ய முடியாது. வீட்டு 230 வோல்ட் வயரை நேரடியாக வைத்துப் பார்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ஈரத்தரையில் முதலில் விழப்போவது கோழியாக இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கோழி படும் பாட்டில் பெரும்பங்கு கோனுக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. பல்லடம் பக்கமிருந்து இரவு லாரியில் வரும் கிரேட்டைத் தூக்கிப் போடுவது, ஒரு கையில் நாலு கோழியை ஒற்றைக்கால் பிடித்துத் தொங்கவிடுவது, மத்தியானம் வரை தண்ணீரில்லாமல் கூண்டில் வைப்பது எல்லாம் அதில் அடக்கம். 40 நாளில் 2 கிலோ ஏறிய உடம்பைத் தாங்கவே அந்தக் கால்கள் திணறுகின்றன. நாமக்கல்லில் முட்டை ஓய்ந்து கழித்துக்கட்டும் கோழி என்றால் இன்னும் பார்த்துப் பிடிக்க வேண்டும். முட்டை ஓட்டுக்கே சுண்ணாம்பெல்லாம் போய், கூண்டில் நடமாட்டமும் இல்லாமல், எலும்பு மொறுமொறுவென்று ஆகியிருக்கும். பிடிக்கிற பிடியிலேயே முறியும்.

எந்தக் கட்டத்தில் அடிபட்டது என்பதைக் கறியே காட்டிக்கொடுக்கும். தோலுரித்த கோழியில் றெக்கை மூட்டும் தொடையும் பாருங்கள். கன்றல் பளிச்சென்று சிவப்பாக இருந்தால் அடி விழுந்து சில நிமிடம்தான், அதாவது கடையிலேயே பட்டது. கருஞ்சிவப்பும் ஊதாவும் என்றால் அரை நாளுக்கு முன், பிடிக்கும்போதோ லாரியிலோ. பச்சை ஓடியிருந்தால் ஒரு நாளுக்கு மேலாயிற்று, பண்ணையிலேயே பட்டது. கோனுக்கு மாறிய கடையில் றெக்கை நுனிச் சிவப்பு குறைய வேண்டும். குறையவில்லை என்றால் கூம்பின் அளவு தப்பு, அல்லது கூண்டிலிருந்து எடுக்கும் கை தப்பு. வாடிக்கையாளர்கள் தைரியமாகக் கேட்கலாம், "அண்ணே, இந்த றெக்கை ஏன் சிவந்திருக்கு?" என்று. மார்பு பெருசா சின்னதா என்று பார்ப்பதைவிட இது உருப்படியான கேள்வி.

கறி சாப்பிடுவதே சரியா என்ற வழக்கை ஒரு ஸ்டீல் ஸ்டாண்டு தீர்த்துவைக்காது. தின்பவருக்கு நல்ல மனசாட்சி வாங்கித் தருவதற்காகவும் இதைப் பரிந்துரைக்கவில்லை. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி என்று ஆண்டில் சில நாள் இறைச்சிக் கடையை மூடச் சொல்கிறோம். மற்ற நாளெல்லாம் டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு அதிகாரியும் எட்டிப் பார்ப்பதில்லை. கருணை அந்த மூன்று நாலு நாளோடு முடிந்துவிடுகிறது.

பராமரிப்பில் ஒரே ஒரு தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: எடுத்ததும் வெந்நீர் ஊற்றுவது. ரத்தம் வெந்து தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத்தண்ணீர் அடித்து, பிறகு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, கடைசியில் நீர்த்த பிளீச்சிங் கரைசல் ஊற்றிச் சில நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால் 304 ஸ்டீலிலும் புள்ளி விழும். 50 கோழி அறுத்தால் தட்டில் ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர் ரத்தம் சேரும், சில நிமிடத்தில் உறையும். அதைச் சாக்கடையில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே தட்டின் வடிகாலுக்கு நேரே வாளி வைக்க இடம் இருக்கும்படி ஸ்டாண்டைச் செய்யச் சொல்லுங்கள். கால்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். 2 கிலோ கோழி உதறும்போது ஆடுகிற ஸ்டாண்டில் கத்தி நேராகப் போகாது.